வெயிலுக்கு மாறாத மஞ்சள்

பிறந்த குழந்தைக்கு மஞ்சட்காமாலை வருவது எமது தாய்மாருக்குப் புதிதல்ல. அநேகமான பிள்ளைகளுக்கு இரண்டு வாரத்தினுள் அது தானாகவே மாறிவிடும். "காலை வெயிலில் பிடி, சரியாகும்" என்று பெரியவர்கள் சொல்வதும் அதனால்தான். ஆனால் எந்த வெயிலுக்கும் மாறாத காமாலை ஒன்று உண்டு. ஈரலிலிருந்து சிறுகுடலுக்குப் பித்தநீரைக் கொண்டுசெல்லும் கான்கள் அழற்சியுற்று, தழும்பாகி அடைபடுவதால் வருவது அது. அரிதான நோய்தான். எனினும் சிகிச்சையின்றி விட்டால் அநேக பிள்ளைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை.

மலத்துக்கு நிறம் கொடுப்பது பித்தநீர். அது குடலுக்கு வராவிட்டால் மலம் வெளிறி, களிமண் நிறமாகவோ வெள்ளையாகவோ போகும். சிறுநீர் கடும் மஞ்சளாகித் துணியில் கறை பிடிக்கும். ஆனால் முதல் வாரங்களில் பிள்ளை நன்றாகப் பால் குடிக்கும், நோயாளியாகவே தெரியாது.

"வயிற்றில் இருக்கும்போது இவள் என்ன சாப்பிட்டாளோ?" நான் போகும் வீடுகளில் இந்தக் கேள்விதான் முதலில் வரும். அன்னாசி, கத்தரிக்காய் என்று பட்டியல் நீளும். இந்நோயின் மூலகாரணம் இன்னும் முழுமையாகக் கண்டறியப்படவில்லை. ஆனால் தாயின் சாப்பாடோ தாய்ப்பாலோ காரணமல்ல. பொதுவாக இது பரம்பரை நோயுமல்ல.

ஜப்பானின் செண்டாய் நகரில் மோரியோ கசாய் என்ற வைத்தியர் 1955இல் இதற்கான சத்திரசிகிச்சையை முதன்முதலாகச் செய்தார். அடைபட்ட கான்களை அகற்றி, பிள்ளையின் சிறுகுடலில் ஒரு பகுதியை மேலே கொண்டுவந்து ஈரலின் அடிப்பக்கத்தில் தைத்துவிடுவார்கள். பித்தநீர் அவ்வழியே வடியும். பிறந்து 60 நாட்களுக்குள் செய்தால் பலன் கூடுதல். நாள் செல்லச்செல்ல ஈரல் இறுகிவிடும். சிகிச்சையின் பின்னர் காய்ச்சல் வந்தால் அது பித்தவழியில் கிருமித்தொற்றாக இருக்கலாம். தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். பலருக்குப் பின்னாளில் ஈரல் மாற்றுச் சிகிச்சை தேவைப்படுகிறது. தாயோ தந்தையோ தமது ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். சொந்த ஈரலுடனேயே வளர்ந்து பெரியவர்களானோரும் உள்ளனர்.

இந்த 60 நாள் கணக்குத்தான் என்னை யோசிக்க வைக்கிறது. 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை, அல்லது நாற்பது முடியும்வரை தாயும் பிள்ளையும் வெளியே போகாத வீடுகள் பல. பெற்றவளுக்கு ஓய்வு தரும் நல்ல வழக்கம்; ஆனால் 60இல் பெரும்பகுதி அதிலேயே போய்விடுகிறது. துணி தோய்ப்பதும் பெரும்பாலும் அம்மம்மாதான். நான் சந்தித்த ஓர் இளந்தாய் பிள்ளையின் மலத்தை ஒரு மாதமாகப் பார்த்ததேயில்லை. அம்மம்மா பார்த்திருக்கிறார், பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு மலம் வெள்ளையாகத்தானே போகும் என்று நினைத்திருக்கிறார். 80 நாள் கடந்தபின்பே சத்திரசிகிச்சை நடந்தது. மஞ்சள் இறங்கவில்லை.

தாய்வானில் 2004 முதல், மலத்தின் நிறங்களை அச்சிட்ட அட்டை நாடு முழுவதும் தாய்மாருக்குக் கொடுக்கப்படுகிறது. பிள்ளையின் மலத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அதன்பின் உரிய காலத்தில் சத்திரசிகிச்சைக்கு வரும் பிள்ளைகள் அங்கு கூடினர்.

14 நாள் கடந்தும் கண்ணில் மஞ்சள் இருந்தால், துடக்குக் கழியும்வரை காத்திராதீர்கள். வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். வைத்தியரிடம் போகும்போது மலம் பட்ட துணியையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். குருதியில் நேரடி பிலிருபினின் அளவைப் பார்க்க வேண்டுமா என்றும் கேளுங்கள்.