நட்சத்திரச் சின்னமும் மூன்று நாடாவும்

“எங்கப்பாரு நட்சத்திரக் கட்சி. ஆனா ஓட்டு குத்துனது சூரியனுக்கு” என்று சொல்லிவிட்டுப் பெரியவர் மிதியில் காலை அழுத்தினார். தலைக்கு மேலே ஜகார்டு பெட்டி தடதடவென்று எழுந்து இறங்கியது. அடுத்த கேள்விக்கு நான் பத்துப் பதினைந்து ஊடை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பிள்ளையார்பாளையத்தில் ஒடுக்கமான வீடு அது. வெளியே பங்குனி வெயில் கொளுத்த, குழித்தறிப் பள்ளத்துக்குள் மட்டும் மண்ணின் குளுமை மிச்சமிருந்தது. ‘அண்ணா பிறந்த ஊரில் வலதுசாரி ஓட்டு’ என்ற தலைப்பைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். விற்கிற தலைப்புதான். ஆனால் பெரிய காஞ்சிபுரத்தில் மூன்று நாள் அலைந்தும் ‘வலதுசாரி’ என்ற சொல்லை யார் வாயிலிருந்தும் நான் கேட்கவில்லை. ‘கோயில் கட்சி’ என்கிறார்கள், ‘ராஜாஜி கட்சி’ என்கிறார்கள், வயதானவர்கள் ‘நட்சத்திரம்’ என்கிறார்கள். அந்த நட்சத்திரம் ஓட்டுச்சீட்டிலிருந்து மறைந்து ஐம்பது வருஷமாகிறது.

முதலில் ஒரு பழைய கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1952 தேர்தலில் காஞ்சிபுரம் நாடாளுமன்றத் தொகுதியாக இருந்தது. வென்றவர் காமன்வீல் கட்சியின் டாக்டர் ஏ. கிருஷ்ணசாமி. அந்தக் கட்சிதான் சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி மந்திரிசபை அமையத் தோள் கொடுத்தது; அதன் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் அந்த மந்திரிசபையிலும் இடம்பெற்றார். ஆக, திராவிட இயக்கத்தின் தாய்வீடு என்று நாம் சொல்லும் ஊர், டெல்லிக்கு அனுப்பிய முதல் ஆள் ராஜாஜிக்குத் துணைநின்ற முகாமைச் சேர்ந்தவர். பிறகு தொகுதியே காணாமல் போய், 2009இல் தனித்தொகுதியாகத் திரும்பி வந்தது. நடுவில் அரை நூற்றாண்டு இந்த ஊர் வேறு பெயர்களில் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தது.

1967க்கு வருவோம். தனிக் கதை அது. பெரியவருக்கு அப்போது ஓட்டு இல்லை. “இருபத்தொண்ணு ஆவணும் அப்ப. எனக்குப் பதினெட்டுதான். ஆனா நோட்டீஸு ஒட்டுனேன்” என்றார். அவருடைய அப்பா இரண்டு தறி வைத்திருந்தவர். வெளியில் நாலு வீட்டுக்குப் பாவு கொடுத்து வாங்கியவர். சின்ன முதலாளி என்று சொல்லலாம். 1959இல் ராஜாஜி சுதந்திராக் கட்சி தொடங்கியதுமே அதில் மனசு வைத்துவிட்டாராம். மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் ராஜாஜி படம் இருந்ததாம். ஆனால் அவர் ஆசைப்பட்ட நட்சத்திரச் சின்னத்துக்கு இந்தத் தொகுதியில் இடமில்லை. கூட்டணியில் காஞ்சிபுரம் தி.மு.க.வின் உதயசூரியனுக்குப் போயிற்று.

அந்தக் கூட்டணியை இன்றைய பிள்ளைகளிடம் விளக்கிச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ராஜாஜியும் அண்ணாவும் மட்டுமல்ல, மார்க்சிஸ்டுகளும் முஸ்லிம் லீகும் ஒரே பந்தலின் கீழ். தனிச்சொத்துரிமையைக் கட்டிக்காக்கப் பிறந்த கட்சி, சொத்தே வேண்டாம் என்கிறவர்களுடன் ஒரே பக்கம் நின்று ஓட்டுக் கேட்டது. 1937இல் பள்ளிக்கூடத்தில் இந்தியைக் கொண்டுவந்தவர், முப்பது வருஷம் கழித்து இந்தித் திணிப்பை எதிர்க்கிற மேடையில். அவருக்கு வயது எண்பத்தெட்டு. ஏகாம்பரநாதர் சன்னதித் தெருப் பக்கம் ஆசாரமான வீடுகளில் அப்போது எவ்வளவு சங்கடம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கையில் பூணூலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சூரியனில் முத்திரை குத்தச் சொன்னார் ராஜாஜி என்று ஒரு பேச்சு இன்றும் உலவுகிறது. எந்த மேடையில், எந்தத் தேதியில் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆனால் கதை நின்றுவிட்டது. கழகம் 137 இடத்தில் வென்று கோட்டைக்குப் போனது. சுதந்திராவுக்குச் சட்டமன்றத்தில் 20, நாடாளுமன்றத்தில் நாடு முழுக்க 44. அடுத்த தேர்தலில் அந்த 44 எட்டாகச் சுருங்கியது. 1974இல் கட்சி வேறொன்றில் கரைந்தது.

கட்சிக் கதை இவ்வளவுதான். 21 கொள்கை, பெர்மிட்-லைசென்ஸ் ராஜ்யம் என்பதெல்லாம் வாசகர்களுக்குத் தெரிந்ததே. என்னை உறுத்தியது வேறு. பட்டுப் பாவு கொடுத்து வாங்குகிற ஒரு நெசவாளிக்கு ஜமீன்களும் ஆலை அதிபர்களும் சேர்ந்திருந்த ஒரு கட்சியில் என்ன வேலை?

“கெவருமெண்டு கைய எடுத்தாப் போதும், நாங்க பொழைச்சுக்குவோம்னு சொல்லுவாரு” என்றார் பெரியவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, “தங்கச் சட்டம் வந்துச்சில்ல, அப்பத்தான் அவருக்கு ரொம்பக் கோவம்” என்றார். 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாடு அது. 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்றதும் நாடெங்கும் பத்தர்கள் பட்டறையை மூடிவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். கல்யாணத்துக்கு நகை இல்லையென்றால் பட்டு எங்கே? காஞ்சிபுரத்துக்காரனுக்கு அந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் இதற்கெல்லாம் முன்பே, கட்சி பிறப்பதற்கு ஏழு வருஷம் முன்பே, ராஜாஜிக்கும் தறிக்கும் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. 1952இல் முதல் மந்திரியாக வந்தவர், கைத்தறிக்காரர்கள் நூல் வாங்க வழியில்லாமல், நெய்ததை விற்க வழியில்லாமல் கஞ்சித்தொட்டிக்கு முன் நின்ற காலத்தில், டெல்லியிடம் ஒரு பிடிவாதமான கோரிக்கை வைத்தார்: வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே விடப்பட வேண்டும், ஆலைகள் அவற்றைத் தொடக்கூடாது. கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை. ஆலைகள் நெய்கிற வேட்டிக்கு ஒரு வரம்பு வந்தது. 1953இல் ஆலைத் துணிக்குக் கெஜத்துக்கு மூன்று தம்பிடி வரி போட்டுக் கைத்தறிக்கும் கதருக்கும் கொடுக்கச் சட்டம் வந்தது. எதிர்முகாமும் சும்மா இருக்கவில்லை. அதே 1953 தொடக்கத்தில் கழகத்தார் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக விற்றார்கள், அண்ணா திருச்சியில் விற்றார்.

அரசாங்கம் எதிலும் தலையிடாதே என்று பின்னால் கட்சி கட்டியவர், ஆலைக்காரன் கையைப் பிடித்து நிறுத்து என்று அரசாங்கத்தைக் கேட்டார். முரண்பாடுதான். எனக்கு அவரிடம் பிடித்ததே அந்த இடம். பழமையைக் காப்பவன் என்றால் ஏதாவது ஒரு பழைய பொருளைக் காப்பாற்றியிருக்க வேண்டுமே. வெறும் பழைய பேச்சு போதுமா?

இனி என் கவலைக்கு வருகிறேன். தலைப்பிலிருந்து விலகுகிறேன் என்று ஆசிரியர் குழு முகம் சுளிக்கும். பரவாயில்லை.

கோர்வைச் சேலையை அறியாதவர் இந்த ஊரில் யாருமில்லை. வெளியூர் வாசகருக்காக இரண்டு வரி. உடல் ஒரு நிறம், இரு கரையும் வேறு நிறம். ஊடையும் அப்படியே வர வேண்டும் என்றால் மூன்று நாடா ஓட வேண்டும். உடலுக்கு ஒன்று, கரைக்கு ஆளுக்கொன்று. இடக்கரை நாடாவையும் உடல் நாடாவையும் நெசவாளி எறிவார். வலக்கரை நாடாவுக்கு அவர் கை எட்டாது. அதற்கு வலப்பக்கம் இன்னொருவர் குந்தியிருக்க வேண்டும். ஒவ்வொரு ஊடையிலும் கரை நூலும் உடல் நூலும் கைகோத்துக்கொண்டு திரும்பும். சேலை நைந்து கிழிந்தாலும் கரை பிரியாது என்று கடைக்காரர்கள் பெருமையடிப்பது இந்தக் கோப்பைத்தான். கரையின் விளிம்பில் வரிசையாக எழும்பும் கோபுர முனைகளைத் திருப்பிப் பாருங்கள். கோர்வை என்றால் பின்புறமும் வேலை தெரியும்.

வலப்பக்கம் அந்தக் காலத்தில் உட்கார்ந்தவன் யார்? எட்டு வயசு, பத்து வயசுப் பையன். முதலாளியிடம் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக விட்டுவிட்டு வந்த பிள்ளை பல வீடுகளில். பெரியவரும் ஆறு வயதில் அங்கேதான் உட்கார்ந்தார்.

ராஜாஜிக்காக வாதாட வந்த எனக்கு இங்கேதான் கால் இடறுகிறது. 1953இல் அவர் கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைப் பார்க்கச் சொன்னது. கிராமத்துப் பள்ளிகளுக்குத்தான் அது, காஞ்சிபுரம் மாதிரி முனிசிபாலிட்டி ஊருக்கு இல்லை. ஆனால் குலக்கல்வி என்ற பெயர் விழுந்த மாத்திரத்தில் தறிக்காரன் வீட்டில் அது எப்படிக் கேட்டிருக்கும்? 1954 ஏப்ரலில் அவர் பதவியை விட்டுப் போனார். சேலையைக் காப்பாற்றக் கேட்டவரே, சேலைக்குப் பையனைக் கேட்டார் என்று ஆகிவிட்டது. பெரியவரின் அப்பா இதை எப்படிச் சமாளித்தார் என்று கேட்டேன். “படத்த மட்டும் கழட்டல” என்றார், அவ்வளவுதான்.

குழந்தைத் தொழிலுக்கு எதிரான சட்டமும் பிரசாரமும் அந்தப் பையன்களைத் தறியிலிருந்து எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பின. போனது நல்லது, அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் வலப்பக்கம் காலியாகிவிட்டது. அந்த இடத்துக்குப் பெரிய ஆளை உட்கார வைத்தால் கொடுக்க வேண்டிய கூலி, சேலைக் கூலிக்குள் அடங்காது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ் வாசலுக்கே வருகிறது. யார் குந்துவார்கள்? வீட்டுப் பெண்கள்தான். சமையலும் தார் சுற்றுவதும் போக, வலக்கரையும் அவர்கள் தலையில். அதுவும் முடியாதபோது நெசவாளி கோர்வையை விட்டுவிடுகிறார். கரைக்கும் உடலுக்கும் ஒரே நாடா ஓடுகிற ரகத்துக்கு மாறிவிடுகிறார். பார்வைக்கு அதுவும் பட்டு, ஜரிகை மினுக்கும், கல்யாணத்துக்குப் போகும். பின்பக்கம் திருப்பிப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்?

சட்டம் இல்லாமல் இல்லை. ராஜாஜி கேட்டது 1985இல் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டமாக வந்தது. முதலில் 22 ரகம். ஆலைக்காரர்களும் விசைத்தறிக்காரர்களும் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1993இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. 1996இல் 22 பதினொன்றாகக் குறைந்தது. சேலை இன்னும் பட்டியலில் இருக்கிறது. 2005-06இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. காந்தி ரோட்டில் ஒரு கடைக்குள் போய், கோர்வை எது, மற்றது எது என்று பிரித்துக் காட்டச் சொன்னேன். விற்பனைப் பையன் சிரித்துக்கொண்டே, “எல்லாம் காஞ்சிபுரம் பட்டுதான் சார்” என்றான். நான் நான்காவது முறை கேட்டதும் உள்ளேயிருந்து ஒரு வயசானவரைக் கூட்டி வந்தான்.

இப்போது தேர்தல் வந்தால் மரபைக் காப்போம், பண்பாட்டைக் காப்போம் என்று ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்குக் குறைவில்லை. எந்தக் கட்சி என்று நான் சொல்லப்போவதில்லை. எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். காமாட்சியம்மன் கோயிலில் அர்ச்சனை, கச்சபேஸ்வரர் கோயில் வாசலில் பேட்டி, அப்படியே பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறியில் உட்கார்ந்து ஒரு படம். வேட்பாளர் கையில் நாடா, முகத்தில் புன்னகை. அந்தப் படங்களைத் தேடித்தேடிப் பார்த்தேன். வலப்பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு படத்திலும் தெரியவில்லை. சட்டத்துக்கு வெளியே விழுந்துவிடுகிறார்கள்.

பழமை விரும்பி ஒருவருக்கு ஓட்டுப் போடுவதில் தப்பில்லை என்றே நான் நினைக்கிறேன். எல்லாவற்றையும் மாற்றிப் போடுகிறேன் என்பவர்கள் நடுவில், இது இருக்கட்டும் என்று சொல்ல ஒருவன் வேண்டும். ஆனால் இந்த ஊரில் அவனிடம் கோயிலைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை. கோயிலைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. வலக்கரைக்கு உட்காரப் போகிறவர் யார், அவருக்கு என்ன கூலி, அதைச் சேலை விலையில் ஏற்றுவாயா, வரியில் கழிப்பாயா என்று கேட்க வேண்டும். கேட்டுப் பார்த்தேன், ஒரு தேர்தல் காரியாலயத்தில். குடிக்க மோர் கொடுத்தார்கள்.

நெசவாளர் சங்கத்துத் தோழர் ஒருவர் எதிர்க்கேள்வி போட்டார்: கூலியும் பென்ஷனும் வரட்டும், கோர்வை போனால் போகிறது, மனுஷன் நெய்வது உங்கள் பீரோவுக்காகவா? அதிலும் நியாயம் உண்டு.

திரும்பவும் பெரியவர் வீட்டுக்குப் போனேன். சாப்பாடு முடிந்து வலப்பக்கம் அவர் மனைவி வந்து உட்கார்ந்திருந்தார். அரக்கு உடல், பச்சைக் கரை. இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அவர் நாடா போய்ச்சேர்கிற கணத்தில் அந்த அம்மா கை நீண்டது. தெருவில் ஆட்டோ ஒன்று மைக் கட்டிக்கொண்டு போனது. நம் பாரம்பரியம், நம் பெருமை என்று என்னவோ சொன்னது. தறியில் பண்ணை அடிக்கிற சத்தத்தில் பாதி காதில் விழவில்லை.

“நீங்க ஒரு வாட்டி போட்டுப் பாருங்க தம்பி” என்று அந்த அம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். குந்தினேன். முழங்கால் தறிக்கட்டையில் இடித்தது. நாடாவை எறிந்தேன், பாதி வழியில் பாவுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. இழுத்ததில் நாலைந்து இழை அறுந்தது.

பெரியவர் ஒன்றும் சொல்லாமல் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். சாம்பலைத் தொட்டு, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகத் திரித்துச் சேர்த்தார். அரை மணி ஆயிற்று. முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, “எங்கப்பாரா இருந்தா உங்க கூலியில புடிச்சிருப்பாரு” என்றார். அந்த அம்மா மறுபடியும் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார்.