உங்களுக்குத் தெரியுமா? ஜன்னலைக் காக்கும் கல் தடுப்பு

கனடாவின் வினிபெக் நகரில் 1968-இல் தயாரிக்கத் தொடங்கப்பட்ட ‘போலர்’ போன்ற பழைய கண்ணாடியிழை டிரெய்லர்கள், அதாவது காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லப்படும் சிறு வீடுகள், பலவற்றில் முன் ஜன்னலின் மேல்விளிம்பில் கீல் கொண்டு பொருத்தப்படும் கல் தடுப்பு, ஓட்டத்தின்போது தெறிக்கும் சரளைக் கற்களைத் தாங்குவதோடு, வண்டியை நிறுத்தியபின் உயர்த்தி வைத்தால் நிழற்கூரையாகவும் பயன்படுகிறது. இத்தகைய அருமையான அமைப்பில் விரிசல் கண்டால் மேலே பசை தடவி மறைப்பது வீண்வேலையே. விரிசலின் நுனியில் சிறு துளையிட்டு அது மேலும் ஓடாதபடி தடுத்து, பின்புறத்தைச் சரிவாகத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, பிசினில் தோய்த்த கண்ணாடியிழைப் பாயை அடுக்கடுக்காக ஒட்டியபின், முகப்பில் ‘ஜெல்கோட்’ எனப்படும் நிறமேற்றிய பிசின் மேற்பூச்சைப் பூச வேண்டும். பாலியெஸ்டர் பிசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவி மூச்சுக்குக் கேடானது. ஆதலால், ஆவியை வடிகட்டும் சுவாசக் கவசம் அணிந்து, திறந்தவெளியிலேயே இப்பணியைச் செய்க.