கண் திறவாக் கணிப்பொறி

இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலை அடுத்துள்ள இல்லங்களில் பழைய கணிப்பொறி ஒருநாள் இயங்க மறுப்பது புதிதன்று. உடனே அதனைப் பழைய இரும்புக்கடைக்கு அனுப்புதல் அறிவுடைமையாகாது. உப்புக் காற்றே காரணமாயிருக்கலாம். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் படிந்த உப்பு நீரை ஈர்த்துக் கசியும். அவ்வீரம் மின் இணைப்பு முனைகளை அரிக்கும்.

முதற்கண் மின்செருகியையும் கம்பிகளையும் திரையின் இணைப்பையும் நோக்குக. விசிறி சுழலவில்லையாயின் எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கியை ஐயுறலாம். ஆயின், அதன் பெட்டியைத் திறத்தல் ஆகாது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதனுள் 300 வோல்ட் அளவில் மின்னழுத்தம் தேங்கியிருக்கக்கூடும். அது உயிரைப் பறிக்க வல்லது.

விசிறி சுழன்றும் திரை இருண்டிருக்க, நீண்ட 'பீப்' ஒலி விட்டுவிட்டு எழுந்தால், நினைவகப் பலகையை ஆராய்க. மின்னிணைப்பை அகற்றி, பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்கியபின், பலகையைக் கழற்றுக. அதன் பொன்னிற முனைகளை அழிப்பானால் மெல்லத் துடைத்து, மீண்டும் அழுந்தப் பொருத்துக. நாளும் நேரமும் பிறழ்ந்து தோன்றினால் நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலத்தை மாற்றுக.

இவை பயன்தராவிடினும் நம்பிக்கை இழத்தல் வேண்டா. வன்தட்டு பழுதுறாதிருப்பின், அதனை வேறொரு கணிப்பொறியில் இணைத்து ஆய்வேட்டையும் குடும்பப் படங்களையும் மீட்கலாம். எனவே, வன்தட்டைக் கழற்றாமல் எந்தக் கணிப்பொறியையும் விற்றுவிடாதீர்.