பழைய விளையாட்டுப் பெட்டியா, கம்ப்யூட்டர் பாவனையா?

சென்ற பொங்கல் விழாவில் கோலப் போட்டி முடிந்து பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் நம் சங்க அன்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், பசங்களோட பழைய வீடியோ கேம் பெட்டி பரண்ல கிடக்கு. கபாடிவாலாகிட்ட போட்டுடலாமா? அதே ஆட்டமெல்லாம் இப்போ போன்லயே வருதாமே?" நான் வாயைத் திறப்பதற்குள் இலை போட்டுவிட்டார்கள். பதில் பாதியில் நின்றுபோயிற்று. கைப்பொருளை இழந்து இந்தப் பாடத்தைக் கற்றவன் என்பதால், மீதியை இங்கே எழுதுகிறேன்.

1990-ல் அப்பாவுக்கு டில்லிக்கு மாற்றலாகி, ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்புக்கு வந்தோம். அம்மாவுக்கு இந்தியில் ஒரு சொல்லும் தெரியாது. அப்பா ஆபீசுக்கும், நானும் தம்பியும் பள்ளிக்கும் போனபின் பகல் முழுவதும் தனிமைதான். 1994-ல் தசரா போனஸில் அப்பா பாலிகா பஜாரிலிருந்து எங்களுக்காக ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கி வந்தார். இரண்டு கைப்பிடிகள், ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி, 'கேசட்' என்று நாங்கள் சொல்லும் மஞ்சள் கார்ட்ரிட்ஜ் ஒன்று. சில மாதம் கழித்துத்தான் கவனித்தோம்: நாங்கள் பள்ளியிலிருந்து திரும்பும்போது டி.வி.யின் முதுகு சூடாக இருக்கும். மத்தியான வேளைகளில் அம்மா வாத்து சுட்டுக்கொண்டிருந்தார்! அந்த ஆட்டத்திற்கு இந்தி வேண்டியிருக்கவில்லை.

அப்பா காலமாகி நான்கு வருடமாகிறது. போன தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது அம்மா கேட்டார்: "அந்த வாத்து சுடற ஆட்டம் இன்னும் இருக்காடா?" அங்கே ஆரம்பித்தது என் ஆராய்ச்சி.

பெட்டிக்குள் என்ன இருந்தது?

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் 'ஃபேமிகாம்' என்ற பெட்டியை வெளியிட்டது. அமெரிக்காவில் இது 1985-ல் 'என்.இ.எஸ்.' என்ற பெயரில் வந்தது. அதன் மூளையான சில்லு நொடிக்குச் சுமார் 18 லட்சம் முறை துடிக்கும். வேலை செய்வதற்கான நினைவகம் வெறும் 2 கிலோபைட். புகழ்பெற்ற 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' (1985) ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கிவிட்டது. இன்று நம் போனில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதைப்போல் ஐம்பது மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். இடத்தை எப்படி மிச்சம் பிடித்தார்கள் தெரியுமா? அந்த ஆட்டத்தில் வரும் மேகமும் புதரும் ஒரே சித்திரம்தான். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 90-களில் நம் கடைத்தெருக்களில் பெருமளவில் விற்றவை ஃபேமிகாமின் நகல்களே. நம் வீட்டுப் பரணில் கிடக்கும் 'ஒரிஜினல்' அநேகமாக அசல் அல்ல. இது பின்னால் உதவப்போகிற விஷயம்.

பாவனை என்றால் என்ன?

எமுலேட்டர் என்பது ஒரு கம்ப்யூட்டரை வேறொரு கம்ப்யூட்டராக நடிக்க வைக்கும் புரோகிராம். டில்லிக்கு வந்த புதிதில் ரேஷன் ஆபீசில் அதிகாரி இந்தியில் சொல்வதைப் பக்கத்து வீட்டு மாமி ஒவ்வொரு வரியாகத் தமிழில் அம்மாவுக்குச் சொல்வார். எமுலேட்டர் செய்வதும் அதேதான். கேசட்டில் உள்ள ஆணைகள் பழைய சில்லின் பாஷையில் இருக்கின்றன. எமுலேட்டர் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்து, பழைய சில்லு என்ன செய்திருக்குமோ அதைப் புதிய கம்ப்யூட்டரைச் செய்யவைக்கிறது. கேசட்டின் உள்ளடக்கத்தை அப்படியே கோப்பாக எடுத்ததற்கு 'ரோம்' என்று பெயர்.

1997-ல் வந்த 'நெஸ்டிகிள்' என்ற எமுலேட்டர் அக்காலத்துச் சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஃபேமிகாம் ஆட்டங்களை ஓடவைத்தது. கடைகளில் காசு போட்டு ஆடும் பெரிய யந்திரங்களுக்காக 'மேம்' என்ற திட்டமும் அதே ஆண்டு தொடங்கியது.

மாமி நடுவில் நிற்பதால் நேரம் கூடுவதுபோல இங்கும் கூடுகிறது. பெட்டிக்குள் மூளை, படம் வரையும் சில்லு, ஒலிப் பகுதி எல்லாம் ஒரே சமயத்தில் ஒன்றோடொன்று தாளம் தப்பாமல் ஓடின. எமுலேட்டர் அவற்றை மாற்றி மாற்றிக் கவனிக்க வேண்டும். தோராயமாக நடிப்பது சுலபம், அச்சு அசலாக நடிப்பது கடினம். 1990-ல் வந்த சூப்பர் ஃபேமிகாமின் சில்லு அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. அதைத் துல்லியமாகப் பாவனை செய்ய, 2004-ல் தொடங்கிய 'பி-ஸ்னெஸ்' என்ற எமுலேட்டருக்கு 3 ஜிகாஹெர்ட்ஸ் அளவு வேகமுள்ள கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு!

அம்மாவின் காது

என் லாப்டாப்பில் எமுலேட்டரைப் போட்டு அம்மாவிடம் காட்டினேன். படம் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. அம்மா இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "பாட்டு ஏன்டா இப்படி ஓடறது? நம்ம பெட்டியில நிதானமா வருமே" என்றார். முப்பது வருடத்து ஞாபகம், அப்படித்தான் இருக்கும் என்று சிரித்தேன்.

பிறகு படித்துப் பார்த்தபோது வெட்கமாகிவிட்டது. அம்மா சொன்னதுதான் சரி. ஜப்பான், அமெரிக்க டி.வி.க்கள் நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிப்பவை. நம் நாட்டில் இருந்தது பால் முறை, நொடிக்கு 50 முறை. அந்த ஆட்டங்கள், படம் ஒரு முறை மாறினால் ஒரு அடி என்ற கணக்கில் நடப்பவை. 60-க்கு எழுதிய ஆட்டத்தை 50-ல் ஓட்டினால் எல்லாமே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் போகும். ஒரு நிமிடப் பாட்டு 72 நொடி எடுக்கும். நம் டி.வி.க்கென்று செய்த நகல் பெட்டிகள் இப்படித்தான் ஓடின. அம்மா கேட்டுப் பழகியது அந்த நிதானத்தை.

நல்ல எமுலேட்டர்கள் சிலவற்றில் இதற்கும் வழி இருக்கிறது. நம்முடையதைப் போன்ற நகல் பெட்டியொன்று ரஷ்யாவில் 'டெண்டி' என்ற பெயரில் பிரபலமாக இருந்தது. அமைப்புகளில் 'டெண்டி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அதே 50 கணக்கில் ஓடுகிறது. மாற்றிப் போட்டேன். "ஆங், இதுதான்" என்றார் அம்மா. ஜப்பானிலிருந்து அசல் ஃபேமிகாமே வரவழைத்திருந்தாலும் இந்தப் பாட்டு கிடைத்திருக்காது.

துப்பாக்கியின் ரகசியம்

அடுத்த சிக்கல், துப்பாக்கி. அது எதையும் சுடுவதில்லை, பார்க்க மட்டுமே செய்கிறது. குழலுக்குள் ஒளியை உணரும் சிறு கண் ஒன்று உண்டு. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம் தோன்றும். முதலில் இருட்டும் பிறகு வெளிச்சமும் தெரிந்தால் குறி தப்பவில்லை என்று பெட்டி முடிவு செய்யும். இருட்டையும் சோதிப்பதால், துப்பாக்கியை பல்பை நோக்கிப் பிடித்து ஏமாற்ற முடியாது. இரண்டு வாத்து என்றால் சதுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எல்லாம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுவதால் நமக்கு ஒரு மினுக்கலாகத்தான் தெரியும்.

இது பிக்சர் டியூப் உள்ள டப்பா டி.வி.யில் மட்டுமே நடக்கும். அங்கே சிக்னல் வர வர, வரி வரியாகப் படம் எழுதப்படுகிறது. இன்றைய தட்டை டி.வி.யோ வந்த படத்தை வாங்கி, வைத்து, மெருகேற்றிப் பிறகுதான் காட்டுகிறது. வெள்ளைச் சதுரம் திரைக்கு வருவதற்குள் 'குறி தப்பியது' என்று ஆட்டம் தீர்ப்பே எழுதிவிடும்.

இதே தாமதம் மற்ற ஆட்டங்களிலும் உண்டு. பொத்தானை அழுத்தியதற்கும் மேரியோ குதிப்பதற்கும் இடையில் எமுலேட்டர் கொஞ்சமும் டி.வி. கொஞ்சமும் நேரம் தின்னும். டி.வி.யில் 'கேம் மோட்' இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், பெருமளவு குறையும். துப்பாக்கிக்கு அதுவும் போதாது.

சரி, டச் ஸ்கிரீனில் வாத்தை விரலால் தொட்டுச் சுடலாம் என்று அம்மா கையில் டேப்லெட்டைக் கொடுத்தேன். நான்கு வாத்து விழுந்தது. "இது சுடற மாதிரி இல்லடா, மூட்டைப்பூச்சி நசுக்கற மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் செய்த தவறு

ஆகவே பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கினேன். துப்பாக்கியும் கேசட்டும் பத்திரமாக இருந்தன. காலனி அறையில் சும்மா கிடந்த டப்பா டி.வி.யைச் சுமந்து வந்தேன். அடாப்டர் மட்டும் காணவில்லை. 9 வோல்ட் என்று போட்ட வேறொரு அடாப்டரின் முனை பொருந்தியது. செருகினேன். ஒரு சிறு 'டப்', பிறகு கருகிய வாசனை. அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நடந்தது இதுதான்: ஃபேமிகாமும் அதன் நகல்கள் பலவும் அடாப்டர் முனையின் நடுப்பகுதி மைனஸாக இருப்பதை எதிர்பார்ப்பவை. இன்றைய அடாப்டர்களில் பெரும்பாலும் நடுப்பகுதி பிளஸ். வோல்ட் சரியாக இருந்தும் திசை தலைகீழாகப் போயிற்று. பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். போர்டின் நடுவே தார்ப்பொட்டுபோல் கறுப்பாக மூடிய சில்லு ஒன்று உண்டு. அதைக் காட்டி, "இதைக் கழற்றி மாற்ற முடியாது சார்" என்று கைவிரித்துவிட்டார். அப்பா வாங்கிக் கொடுத்த பெட்டி அதோடு முடிந்தது.

எனவே பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்கவேண்டியது அடாப்டரை. அதன் மேல் சிறு வட்டமும், இருபுறம் பிளஸ், மைனஸ் குறியும் அச்சிட்டிருக்கும். பெட்டியில் உள்ள குறியோடு ஒப்பிடாமல் செருகாதீர்கள். இரண்டாவது, கேசட்டை வாயால் ஊதாதீர்கள். நாம் எல்லோரும் ஊதினோம். ஊதியதால் அது வேலை செய்யவில்லை, எடுத்துத் திரும்பச் செருகியதால்தான் செய்தது. மூச்சின் ஈரம் செம்பு முனைகளை அரிக்கும். பஞ்சில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காய்ந்தபின் செருகுங்கள். மூன்றாவது, ஆட்டத்தைப் பாதியில் சேமித்துவைக்கும் கேசட்டுகளுக்குள் வட்ட பேட்டரி ஒன்று இருக்கும். அது தீர்ந்தால் சேமித்தது போய்விடும். கெப்பாசிட்டர்களும் வயதானால் கசியும். எந்தப் பெட்டியும் சிரஞ்சீவி அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

எமுலேட்டர் வேறு, ரோம் வேறு. பிளேஸ்டேஷனைப் பாவனை செய்த ஒரு புரோகிராம் குறித்து சோனி தொடுத்த வழக்கில், அதற்காகச் சில்லை ஆராய்ந்தது நியாயமான பயன்பாடே என்று 2000-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. ஆனால் சந்தையில் விற்றுக்கொண்டிருந்த ஸ்விட்ச் பெட்டியைப் பாவனை செய்த 'யூசு'வின் தயாரிப்பாளர்கள், நின்டெண்டோ தொடுத்த வழக்கில் 2024-ல் 24 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, முறையாகப் புரோகிராமை வைத்திருப்பவர் அது அழிந்துபோகாமலிருக்கக் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. கண்ட இடத்தில் ரோம் இறக்கிக்கொள்ள அது அனுமதி ஆகாது. எங்கள் மஞ்சள் கேசட்டே திருட்டுப் பிரதி என்பது வேறு கதை.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அந்நாட்டில் வெளியான ஆட்டங்களில் 87 சதவீதம் விற்பனையில் இல்லை. பெட்டிகள் ஒவ்வொன்றாகச் சாகும்போது அவற்றைத் தாங்கி நிற்கப்போவது பாவனைதான். நின்டெண்டோவே 2016-ல் 30 ஆட்டங்களோடு வெளியிட்ட குட்டிப் பெட்டிக்குள் இருந்ததும் எமுலேட்டரே.

என் முடிவு

ஆட்டம் அழியாமலிருக்க எமுலேட்டர் வேண்டும். அதை ஆடிய விதம் அழியாமலிருக்கப் பெட்டியும், அதைவிட முக்கியமாக டப்பா டி.வி.யும் வேண்டும். மேரியோ போதுமென்றால் கம்ப்யூட்டரே தாராளம், 50 கணக்கை மட்டும் மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். துப்பாக்கி வேண்டுமென்றால் பழையதை விட்டால் எளிய வழி இல்லை.

ஆகவே பந்தியில் கேட்ட அன்பருக்கு என் பதில்: கபாடிவாலாவிடம் போடாதீர்கள். அடுத்த சங்க விழாவுக்குக் கொண்டு வாருங்கள். அடாப்டரை நான் முதலில் மீட்டர் வைத்துப் பார்க்கிறேன். டப்பா டி.வி. எங்கள் வீட்டு வராந்தாவில் தயாராக இருக்கிறது, துப்பாக்கியும் இருக்கிறது. குழந்தைகள் வரிசையில் நிற்கட்டும். முதல் ஆட்டம் மட்டும் என் அம்மாவுக்கு.