இசைத்தட்டும் அதன் மேலுறையும்

ஒலியானது தோன்றிய கணத்திலேயே மறையும் இயல்பினது. ஓவியம் சுவரில் நிற்கும். சிற்பம் கல்லில் நிற்கும். ஏடு பெயர்த்தெழுதப்பட்டு நிலைபெறும். பாடினவர் வாய் மூடியபின் பாட்டு எங்கே போயிற்று என்று கேட்டால் விடை கூறுவாரில்லை. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார் பழந்தமிழர் யாழின் இயல்பை அறிதற்பொருட்டுச் சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் கணித முறையால் ஆராய்ந்து, 1947 இல் யாழ்நூலை வெளியிட்டார். அத்துணை உழைப்பு வேண்டப்பட்டமைக்குக் காரணம், யாழின் ஒலியைப் பிடித்து வைத்தற்கு அக்காலத்தில் ஒரு கருவியும் இல்லாமையே. நம் பாட்டன்மார் காலத்து ஒலிக்கு அந்தக் குறை இல்லை. அது பிடிக்கப்பட்டது, தட்டில் அழுத்தப்பட்டது, எம் கிராமங்கள் வரை வந்தும் சேர்ந்தது. வந்து சேர்ந்ததை நாம் என்ன செய்தோம் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

எடிசன் 1877 இல் அமைத்த கருவி உருளையில் ஒலியைப் பதித்தது. பத்தாண்டுகளின் பின் எமில் பேர்லினர் உருளையை விடுத்துத் தட்டையான வட்டத்தைக் கொண்டார். இம்மாற்றம் சிறிதெனத் தோன்றினும் அதன் பயன் பெரிது. ஒரு மூலத்தட்டிலிருந்து அச்செடுத்து ஆயிரக்கணக்கான படிகளை அழுத்துதல் எளிதாயிற்று. அன்றியும், வட்டத்தின் நடுவே பெயர்த்தாள் ஒட்ட இடம் கிடைத்தது. தட்டையான பொருளாதலால் அதனைக் கடிதம்போல உறையிலிடவும் முடிந்தது. மேலுறை என்னும் தனிக்கலை பிறந்ததற்கு மூலம் இதுவேயாகும்.

பழைய தட்டுகளின் மூலப்பொருள் அரக்கு. மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் இவ்வரக்கு பெரும்பாலும் இந்தியக் காடுகளிலிருந்தே உலகெங்கும் சென்றது. அதனோடு கற்பொடியும் புகைக்கரியும் கலந்து சூடாக்கி அழுத்தினர். ஆகவே தட்டு கனமானது. கைதவறி வீழ்ந்தால் ஓடுபோல நொறுங்குவது. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட பாட்டே அடங்கும். மணிக்கணக்கில் இராகம் ஆலாபனை செய்து பழகிய வித்துவான்கள் அச்சிறு காலத்துள் தம் வித்தையைச் சுருக்கிக் காட்டவேண்டியவராயினர். இதனை இசைக்கு நேர்ந்த கேடு என்பாருளர். நான் அவ்வாறு கருதேன். திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளையின் தோடி நாதசுரத் தட்டைக் கேட்டவர்க்கு, சுருக்கம் குறையன்று என்பது விளங்கும்.

1902 நவம்பரில் ஆங்கிலக் கிராமபோன் கம்பெனியின் சார்பில் பிரெட் கைஸ்பேர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரலைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் அப்பெண்மணி தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கக் கூறுவதைத் தட்டிற் கேட்கலாம். அது செருக்கினாற் கூறியதன்று. பதிவான மெழுகுத் தட்டுகள் ஜேர்மனியிலுள்ள ஹனோவர் நகருக்குச் சென்றே அச்சேறின. அங்குள்ள தொழிலாளர்க்கு இந்திய மொழியும் தெரியாது. பாடியவர் யாரென்றும் தெரியாது. இன்னாருடைய தட்டு இது என்று குரலே அடையாளம் சொல்லவேண்டியிருந்தது. அவ்வாறு குரல் செய்த தொழிலைப் பின்னர் நடுத்தாளும் மேலுறையும் ஏற்றுக்கொண்டன.

தொடக்ககால உறை வெறும் பழுப்புத்தாள். நடுத்தாள் தெரிவதற்காக வட்டமாகத் துளையிடப்பட்டது. ஊதுகுழலின் முன் அமர்ந்து தலைசாய்த்துக் கேட்கும் நாயின் படம் அதிற் பொறிக்கப்பட்டிருந்தமையால் எமது மக்கள் அதனை ‘நாய்மார்க் றெக்கோட்’ என்றனர். பிரான்சிஸ் பராட் என்னும் ஓவியர் முதலில் அந்நாயின்முன் வரைந்தது எடிசன் முறையிலான உருளைக் கருவியையே. 1899 இல் படத்தை விலைக்குக் கொண்ட கம்பெனியின் விருப்பப்படி அதன்மேலேயே வட்டத்தட்டுக் கருவியைத் தீட்டிக்கொடுத்தார். உலகமெல்லாம் அறிந்த அப்படத்தின் அடியில் மறைந்த படம் ஒன்று உண்டு.

பழுப்புறைதானே என்று பலர் அதனைக் கிழித்தெறிவர். உண்மை சேகரிப்பாளன் முதலில் நோக்குவது அதனையே. விற்ற கடையின் பெயர், வீதியின் பெயர், கருவி பழுதுபார்க்கும் விளம்பரம், ஊசிப் பெட்டியின் விலை, சில வேளை வாங்கியவரின் கையெழுத்து ஆகிய இவையெல்லாம் அதிற் காணப்படும். பாட்டைத் திரும்பப் பதிவு செய்து பல படி எடுக்கலாம். அத்தட்டு எவ்வழியாக எவ்வூருக்கு வந்தது என்னும் செய்தி அந்த ஒரு தாளில் மட்டுமே உண்டு. உறை போயினும் நடுத்தாள் உதவும். ஏ. வி. மெய்யப்பர் திரைத்துறையிற் புகுமுன் நண்பருடன் நடத்திய சென்னைச் சரஸ்வதி ஸ்டோர்ஸ் ‘ஓடியன்’ தட்டுகளை வெளியிட்டமை போன்ற வணிக வரலாறுகள் இத்தாள்களால் தெளிவாகின்றன. நடுத்தாளும் தேய்ந்துவிடின், ஒலிவரி முடிந்து தாள் தொடங்குமுன் உள்ள வழுவழுப்பான பகுதியை வெளிச்சத்திற் சாய்த்துப் பார்க்க வேண்டும். மூலத்தட்டின் இலக்கம் அங்கே நுண்ணிதாகப் பொறிக்கப்பட்டிருக்கும்.

எல்லாரும் விரும்பிய தட்டுகள் எப்படியும் பிழைத்துக்கொள்ளும். எம். எஸ். சுப்புலட்சுமி பத்து வயதில், 1926 இல், பாடிய முதல் தட்டைத் தேடுவார் பலர். அருமை எங்கேயெனில் ஒருவரும் தேடாதவற்றில் உள்ளது. நாடகக் கதையைப் பல தட்டுகளிற் பிரித்துத் தொகுப்பாக விற்றனர்; நகைச்சுவை உரையாடல் தட்டுகள் இருந்தன; திரைப்பட வசனங்கள் மட்டும் தட்டுகளாயின. எஸ். ஜி. கிட்டப்பா 1933 இல் இளமையிலேயே மறைந்தார், பேசும்படமெதிலும் நடித்தாரல்லர். இலங்கை மேடையிற் கே. பி. சுந்தராம்பாளுடன் அவர் பாடியதைக் கேட்டவர் எவரும் இன்றில்லை. அவருடைய குரலென்று நாம் அறிவது தட்டில் உள்ளதே. விந்தையான தட்டுகளும் உள. மேனாட்டில் 78 சுற்றுத் தட்டு வழக்கொழிந்த பின்னும், மின்சாரமில்லாச் சாவிக் கருவிகள் பல வீடுகளில் இருந்தமையால், இந்தியாவில் அது தொடர்ந்து அழுத்தப்பட்டது. அதனாற் பீட்டில்ஸ் குழுவினரின் பாட்டுகள்கூட 1960களின் நடுப்பகுதியில் அங்கே 78 சுற்றுத் தட்டாக வந்தன. இன்று அவற்றுக்குப் பெருவிலை கொடுப்பவர் மேனாட்டாரே.

உறையில் ஓவியம் இடம்பெற்றது பிந்திய செய்தி. அமெரிக்காவிற் கொலம்பியாக் கம்பெனியின் ஓவியரான அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் 1940 அளவில் இதனைத் தொடக்கினார். 1948 இல் வைனைல் என்னும் நெகிழ்பொருளாலான 33⅓ சுற்று நெடுந்தட்டும், அடுத்த ஆண்டு 45 சுற்றுச் சிறுதட்டும் வந்தபின் அட்டையுறை இன்றியமையாததாயிற்று. தமிழ்த் திரைப்படச் சிறுதட்டுகளின் உறைகளைக் கலையென்று கொள்ளத் தயங்குவாருளர். சுவரொட்டியின் கடுஞ்சிவப்பும் மஞ்சளும், கதாநாயகியின் முகத்தை மறைக்குமளவு பெரிய எழுத்தும் சிலர்க்கு உவப்பாகா. ஆயின் அக்காலத் தமிழ் எழுத்துருக்களைக் கையால் வரைந்தவர்களின் திறமையை இவ்வுறைகளிற் போல வேறெங்கும் நெருங்கிக் காண்டல் அரிது. பின்பக்கத்தில் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் ஆகியோரின் பெயர்கள் இருக்கும். உறையைப் பிரிந்த பாட்டு நாளடைவில் நடிகரின் பெயரால் மட்டும் வழங்கி, அதை எழுதினவரை இழக்கின்றது. இலங்கையிலும் 1960களின் பிற்பகுதியில் ஜெரல்ட் விக்கிரமசூரியவின் ‘சூரிய’ தட்டுகள் வண்ண உறைகளோடு வெளிவந்து சிங்களப் பொப்பிசையைப் பரப்பின.

இனி எமது கரையை நோக்குவோம். இலங்கையில் வானொலி பிறந்ததே இசைத்தட்டினால் எனலாம். எட்வேர்ட் ஹாப்பர் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிற்றறையிலிருந்து முதலில் ஒலிபரப்பிப் பார்த்தது கிராமபோன் இசையையே. பின்னாளில் மட்டக்களப்புப் பகுதிக் கோயில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் ஒலிபெருக்கிக்காரர் மரப்பெட்டியில் தட்டுகளை அடுக்கிக் கொண்டுவந்தனர். அப்பெட்டியே ஊருக்கு இசை நூலகம். 1978 நவம்பர்ப் புயல் கூரைகளை வாரிச் சென்றது. போர்க்காலத்தில் மக்கள் கையில் எடுத்தவற்றோடு வெளியேறினர். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் வாகரைக்குள் வந்தது. 2006 இறுதியில் மீண்டும் இடப்பெயர்வு. இத்தனைக்குப் பிறகும் ஏதேனும் தட்டு எஞ்சியிருப்பின் அது வியப்பே. என் மாணவன் ஒருவன் பழம் பயிற்சிப் புத்தகத்துக்கு மேலட்டையாகச் சிறுதட்டின் உறையொன்றைப் போட்டிருந்தான். தட்டு எங்கேயென்று அவன் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. கடை முத்திரை மட்டும் தெளிவாக இருந்தது. திருகோணமலையிற் கொண்ட தட்டு அது.

எஞ்சியவற்றை அடுக்கிப் பார்க்கின் ஓர் உண்மை புலப்படும். அவற்றில் உள்ளவை சென்னையின் குரல்கள். எமது குரல் மிக அருகியே உளது. வடமோடி தென்மோடிக் கூத்துகள் விடியவிடிய ஆடப்படுவன. கண்ணகி வழக்குரை பல இரவு படிக்கப்படுவது. அவை மூன்று நிமிடத் தட்டுக்கு அடங்குவனவல்ல. வங்கத்துத் தொழிற்சாலைக்கு அவற்றால் ஊதியமும் இல்லை. ஆயினும் விலையை நோக்காது அறிவை நோக்கினவர் சிலர் வந்தனர். 1908 இல் செலிக்மன் தம்பதியர் வேடர்களின் பாட்டுகளை மெழுகு உருளைகளிற் பதிவு செய்தனர். 1911 இல் அவர்கள் வெளியிட்ட நூலில் சி. எஸ். மையர்ஸ் அப்பாடல்களின் சுர அமைப்பை ஆராய்ந்தார். கரையோர வேடர் இன்றும் வாழும் எம் பிரதேசத்துப் பிள்ளைகளுள் இதை அறிந்தவர் எத்தனை பேர்? உருளைகள் இலண்டனில் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. அவை இன்றளவும் நிலைத்தமைக்குக் காரணம் யார் பாடினர், எங்கே, எப்போது என்ற குறிப்பு உடனிருந்தமையே.

ஆகவே வீட்டிற் பழந்தட்டு வைத்திருப்போர்க்குச் சில கூறுதும். அரக்குத் தட்டைச் சாராயம் கலந்த நீர்மத்தால் துடைக்கலாகாது, அரக்கு கரைந்துவிடும். சிறிது ஈரமான மென்துணியே போதும். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்கின் அடித்தட்டு நெளியும் அல்லது வெடிக்கும். நூல்போல நிமிர்த்தி வைக்கவேண்டும். வைனைல் தட்டை உருக்கூசியுள்ள சாவிக் கருவியில் ஒருமுறை ஓட்டினாலும் வரி சிதையும். கறையான் உறையை உண்ணும், தட்டை உண்ணாது. அதனால் உறைக்கே காவல் மிகுதியாக வேண்டும். பழைய உறையின் இருபுறத்தையும் கைத்தொலைபேசியாற் படமெடுத்து, ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலக நிறுவனம் போன்றோர்க்கு அனுப்பலாம். தட்டைப் புதிய தாளுறையில் இடுமுன்னரே, அழுத்தம் படாதவாறு, பென்சிலால் இலக்கமும் பாடலும் பாடினவர் பெயரும் கடை முத்திரையும் எவ்வூர் வீட்டிற் கிடைத்ததென்பதும் எழுதிவிடுக. தட்டு உடைந்திருப்பினும் நடுத்தாள் ஒட்டிய துண்டை எறியவேண்டாம். அதிலுள்ள இலக்கத்தைக் கொண்டு, அதே தட்டின் முழுப்படி கொழும்பிலோ சென்னையிலோ அகப்படும்போது இன்னதென இனங்காணலாம்.