பணப் பெட்டியும் பூட்டும்

"அரசியலுக்குப் பணமே தாய்ப்பால்!"

இப்படிப் பட்டவர்த்தனமாகச் சொன்னவர் ஜெஸ்ஸி அன்ரூ. அமெரிக்காவில், கலிபோர்னியா ராஜ்யச் சட்டசபையில் 1961 முதல் 1968 வரை சபாநாயகராக இருந்தவர்.

ஏழைக் குத்தகை விவசாயியின் மகன் இவர். சட்டசபையில் காரியம் சாதிக்க வரும் கம்பெனி ஏஜெண்டுகளிடம் தேர்தல் நிதி வாங்குவார். தம் கட்சி அபேட்சகர்களுக்குப் பகிர்ந்தளிப்பார். ஜெயித்தவர்கள் இவர் சொல்லைத் தட்டுவார்களா?

ஆனால், நிறத்தையோ மதத்தையோ பார்த்து எவரையும் கடைகளும் ஓட்டல்களும் விரட்டக் கூடாது என்ற 1959-ம் வருஷச் சட்டமும் இவர் கொண்டுவந்ததுதான்! இன்றும் அது இவர் பெயராலேயே வழங்குகிறது.

வாங்குகிறவர் எல்லோரும் இப்படி நல்ல சட்டம் செய்வார்களா? ஜனங்கள் அதை நம்பியிருக்கவில்லை. 1974-ல் ஓட்டுப் போட்டு ஒரு விதி செய்தார்கள்: அந்த ஏஜெண்டுகள் ஒரு மெம்பருக்கு மாதம் 10 டாலருக்கு மேல் பரிசு தரக் கூடாது!

நல்லவரை நம்பலாம், பெட்டியைப் பூட்டியும் வைக்கலாம் அல்லவா?