கெலமங்கலத்தைக் கடந்த படை... சங்ககிரியில் முடிந்த போர்!

காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்கள், சந்தைக்குக் கிளம்பும் ரோஜாக் கட்டுகள்... ஓசூருக்குத் தெற்கே உள்ள கெலமங்கலம் இன்று இப்படித்தான் விடிகிறது. 1799 மார்ச்சில் இங்கே கூடாரம் அடித்திருந்தது வேறொரு கம்பெனி. ஆம், கிழக்கிந்திய கம்பெனி!

ஜெனரல் ஹாரிஸ் தலைமையில் திப்பு சுல்தானை வீழ்த்தப் புறப்பட்ட பெரும்படை அது. அதில் இருந்த ஆர்தர் வெல்லெஸ்லிதான், பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர். கெலமங்கலத்திலிருந்து கிளம்பிய படை, மே 4-ம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்தது. திப்பு போர்க்களத்திலேயே உயிரிழந்தார்.

'இனி எதிர்க்க யார் இருக்கிறார்கள்?' என்று கம்பெனி நினைத்திருக்கும். கொங்கு நாட்டில் ஒருவர் இருந்தார். தீரன் சின்னமலை!

காங்கேயம் அருகே மேலப்பாளையத்தில் 1756-ல் பிறந்தவர். இயற்பெயர் தீர்த்தகிரி. இளம் வயதில் மைசூருக்குப் போன வரிப்பணத்தை மறித்து ஏழைகளுக்குக் கொடுத்தவர் என்று கொங்கு மக்கள் கதை சொல்வார்கள். அதே மைசூருக்கு ஆபத்து வந்தபோது, கொங்கு இளைஞர்களைத் திரட்டிக்கொண்டு திப்புவின் பக்கம் நின்றார்.

திப்பு வீழ்ந்த பிறகு அவர் நினைத்திருந்தால் கம்பெனிக்கு வரி கட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால், அரச்சலூர் பக்கம் ஓடாநிலையில் கோட்டை கட்டினார். வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1801-ல் காவிரிக் கரையிலும், 1802-ல் ஓடாநிலையிலும், 1804-ல் அரச்சலூரிலும் கம்பெனிப் படையோடு மோதினார்.

களத்தில் பிடிக்க முடியாதவரைச் சூழ்ச்சியால்தான் பிடித்தார்கள். சமையல்காரரே காட்டிக்கொடுத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1805 ஜூலை 31 அன்று, சங்ககிரிக் கோட்டையில் சகோதரர்களுடன் அவரைத் தூக்கிலிட்டார்கள். ஓடாநிலைக் கோட்டையையும் இடித்துத் தள்ளினார்கள்.

பெரிய அரசே சாய்ந்த பிறகும், உதவிக்கு வர எந்தப் பேரரசும் இல்லாமல், 6 ஆண்டுகள் தாக்குப்பிடித்தார் ஒரு பாளையக்காரர். சின்னமலையின் பெருமையே அதுதான்.

கோட்டை போனாலும் பெயர் போகவில்லை. ஓடாநிலையில் இன்று அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. 2005-ல் அஞ்சல்தலை வெளியானது. ஆண்டுதோறும் ஆடி 18 அன்று அவருடைய நினைவு நாள் அனுசரிக்கப்படுகிறது.

அடுத்த ஆடிப்பெருக்குக்குக் காவிரியில் பூ விடும்போது, சின்னமலையின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சேலத்திலிருந்து ஈரோடு போகும் வழியில் சங்ககிரி வந்தால், அந்த மலைக்கோட்டையை ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.